ஊர்க் குறியீடுகளைத் தரவுத்தளத்தில் தேடுவது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாகாணம், மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்று படிப்படியாக இறங்கும் விபரங்களோடு வேலை செய்பவர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்கள், நிவாரணப் பட்டியல் தயாரிப்பவர்கள், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பட்டியலில் ஒரு குறியீடு பிசகினால் ஒரு ஊரே வறட்சி நிவாரணத்திலிருந்து விடுபடலாம். அதனால் சில இடங்களில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல் மொழியின் கட்டளைச் சொற்களைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன், கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாவட்ட எண்கள் உண்மையானவை. அதற்குக் கீழே வரும் பிரதேச, கிராம எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, அவற்றை அப்படியே எடுத்துப் பாவிக்க வேண்டாம்.

45 என்றால் கிளிநொச்சி என்கிறார்கள். இந்த எண் எப்படி அமைந்தது?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் முறை இது. முதல் இலக்கம் மாகாணம், வடக்குக்கு 4. இரண்டாவது இலக்கம் மாவட்டம். 41 யாழ்ப்பாணம், 42 மன்னார், 43 வவுனியா, 44 முல்லைத்தீவு, 45 கிளிநொச்சி. அதன் பின் பிரதேச செயலர் பிரிவுக்கு இரண்டு இலக்கம், கிராம அலுவலர் பிரிவுக்கு மூன்று இலக்கம். மொத்தம் ஏழு. மனிதாபிமான அமைப்புகளின் வரைபடங்களில் இதே எண்ணுக்கு முன்னால் நாட்டின் இரண்டெழுத்துச் சுருக்கமும் இருக்கும்.

முல்லைத்தீவு 1978இல் தனி மாவட்டமானது. கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. எண்களிலும் அவை அதே ஒழுங்கில் கடைசியாக நிற்கின்றன. வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்காக எண்ணிக்கொண்டு போனால் இந்த வரிசை வராது, ஆகவே ஊகித்து எண் போடாதீர்கள்.

இந்த அமைப்பில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தாய்ப் பிரிவின் குறியீடு பிள்ளைப் பிரிவின் குறியீட்டுக்கு முன்னொட்டாக இருக்கிறது. 4509015 என்பதன் முதல் நான்கு இலக்கம் அதன் பிரதேச செயலர் பிரிவு, முதல் இரண்டு அதன் மாவட்டம். கீழே வரும் வினவல்கள் (தரவுத்தளத்திடம் விபரம் கேட்கும் கட்டளைகள்) எல்லாம் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கின்றன.

என்னிடம் உள்ள வேறொரு கோப்பில் 45 என்று இருப்பது முல்லைத்தீவு. எது சரி?

இரண்டும் சரிதான். மற்றது ஐஎஸ்ஓ 3166-2 என்ற சர்வதேசப் பட்டியல். அதில் 41 யாழ்ப்பாணம், 42 கிளிநொச்சி, 43 மன்னார், 44 வவுனியா, 45 முல்லைத்தீவு. யாழ்ப்பாணம் மட்டும் இரண்டிலும் ஒத்துப்போகிறது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் இடம் மாறிக் கிடக்கின்றன.

இந்த இரண்டு கோப்புகளையும் குறியீட்டை வைத்து இணைத்தால் கணினி ஒரு பிழையும் சொல்லாது. வரிகள் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும், ஆனால் மன்னாரின் கிணற்றுக் கணக்கு கிளிநொச்சிக்குப் போய்விடும். அதனால் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஐந்து மாவட்டங்களின் எண்ணையும் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் அட்டவணையில் 'முறை' என்று ஒரு நிரல் (மேலிருந்து கீழாக ஓடும் பத்தி) சேர்த்து, குறியீடு எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று எழுதி வையுங்கள்.

எல்லாம் இலக்கம்தானே, எண்ணாகச் சேமித்தால் என்ன?

வேண்டாம். குறியீட்டை யாரும் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை, முன்பகுதியை வெட்டித்தான் பார்க்கிறோம். அது எழுத்துச் சரத்துக்குரிய வேலை.

வடக்கின் குறியீடுகள் 4இல் தொடங்குவதால் முழுக் குறியீட்டின் முன்னால் பூச்சியம் தொலையாது. ஆனால் பல அலுவலகங்களில் மாவட்டம், பிரதேசம், கிராமம் என்று மூன்று தனி நிரல்களில் வைத்திருப்பார்கள். அங்கே 09 என்பது 9 ஆகும், 015 என்பது 15 ஆகும். பிறகு ஒட்டிச் சேர்த்தால் 4509015க்குப் பதில் 45915 வரும், அது எதனோடும் பொருந்தாது. அப்படி வந்துவிட்டால் எல்பேட் என்ற செயற்கூறால் இடது பக்கம் பூச்சியம் நிரப்பி மீட்கலாம். இது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஒராக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள்கள் மூன்றிலும் உண்டு.

பெரிய ஆபத்து எக்செல்லில் இருக்கிறது. காற்புள்ளிக் கோப்பை (சிஎஸ்வி) இரட்டைச் சொடுக்கில் திறந்தாலே பூச்சியங்கள் போய்விடும். 3-2 என்ற குறியீடு திகதியாகும். 2.10 என்பது 2.1 ஆகிவிடும், சேமித்த பிறகு அது பத்தாவது வாய்க்காலா முதலாவதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கோப்பைத் தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, குறியீட்டு நிரலை 'எழுத்து' என்று குறித்துவிட்டு உள்ளே எடுங்கள்.

ஒரு மாவட்டத்தின் கீழுள்ள எல்லாவற்றையும் எடுப்பது எப்படி?

செலெக்ட் குறியீடு, பெயர் ஃப்ரம் பிரிவுகள்
வெயர் குறியீடு லைக் '45%'

'பிரிவுகள்' என்பது எல்லாப் படிகளின் குறியீடும் பெயரும் இருக்கும் அட்டவணை. விழுக்காட்டுக் குறிக்கு 'அதன் பின் எது வேண்டுமானாலும்' என்று பொருள். '45' என்ற மாவட்ட வரியும் விடையில் வரும். அது வேண்டாம் என்றால் லெங்த்(குறியீடு) > 2 என்று சேருங்கள்.

நேர் அடுத்த படி மட்டும் வேண்டும் என்றால்?

லைக் '45__' என்று இரண்டு அடிக்கோடு போட்டால் சரியாக இரண்டு எழுத்து மட்டும் கூடுதலாக உள்ளவை வரும், அதாவது பிரதேச செயலர் பிரிவுகள். கிளிநொச்சிக்கு இது கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு வரிகளைத் தர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அட்டவணையில் எங்கோ கோளாறு.

அடிக்கோடு இப்படி வேலை செய்வதால் உங்கள் குறியீட்டுக்குள்ளேயே அடிக்கோட்டைப் பிரிப்பானாகப் பாவிப்பது நல்லதல்ல. தேடும் போதெல்லாம் அதைச் சாதாரண எழுத்தாக எடுக்கச் சொல்லும் தப்பிக்கும் குறியை அதற்கு முன்னால் போட நேரும். யாராவது ஒருநாள் மறப்பார்கள்.

கிராம அலுவலர் பிரிவுக்குக் கேஎன் என்று தொடங்கும் எண்ணைத்தான் நாங்கள் எல்லோரும் பாவிக்கிறோம். அதில் தேட முடியாதா?

கிராமத்தைக் கண்டுபிடிக்க அது போதும், மக்களுக்குத் தெரிந்ததும் அந்த எண்தான். ஆனால் அதில் மாவட்டம் மட்டுமே இருக்கிறது, பிரதேச செயலர் பிரிவு இல்லை. முன்னொட்டை வைத்துக் கரைச்சியை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டு குறியீட்டுக்கும் இரண்டு நிரல் வைத்து, படிவத்தில் கேஎன் எண்ணைக் கேளுங்கள், வினவலில் ஏழிலக்க எண்ணைப் பாவியுங்கள்.

எங்கள் குளத்தின் வாய்க்கால்களுக்குப் புள்ளி வைத்த குறியீடு போட்டிருக்கிறோம். தேடினால் சம்பந்தமில்லாத வாய்க்கால்களும் வருகின்றன. ஏன்?

கமக்காரர் அமைப்புகளிடமிருந்து அதிகம் வருவது இந்தக் கேள்விதான். நீர்ப்பாசனத்தில் படிகளின் எண்ணிக்கை ஒரே மாதிரி இருப்பதில்லை. இரணைமடுவை எடுங்கள். இடதுகரை, வலதுகரை என்று பிரதான வாய்க்கால்கள். அவற்றிலிருந்து கிளை வாய்க்கால்கள், அவற்றிலிருந்து வயல் வாய்க்கால்கள். ஒரு பெரிய குளத்தில் சில வயல்களுக்குப் பிரதான வாய்க்காலிலிருந்தே நேரே நீர் போகும், சிலவற்றுக்கு மூன்று படி தாண்டிப் போகும். இதற்கு ஏழு இலக்கம் என்று கட்டிவைக்க முடியாது, புள்ளிதான் வசதி.

வலதுகரை 2, அதன் கிளைகள் 2.1, 2.2 என்று போய் 2.12 வரை இருப்பதாக வைப்போம். முதலாம் கிளையின் வயல்களை எடுக்க லைக் '2.1%' என்று கேட்கிறீர்கள். 2.1 வரும், 2.1.4 வரும். கூடவே 2.10, 2.11, 2.12 மூன்றும் அவற்றின் வயல்களும் வரும், ஏனென்றால் அவையும் '2.1' என்றுதான் தொடங்குகின்றன. சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்து விடும்போது இந்தப் பட்டியலை வைத்துக் குறுஞ்செய்தி அனுப்பினால் முறையில்லாத கமக்காரரும் துருசடிக்கு வந்து நிற்பார்கள். கிளைகள் ஒன்பதுக்குள் இருக்கும்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது, பத்தாவது சேர்ந்த அன்று தொடங்கும். அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

தீர்வு சின்னது. ஒவ்வொரு குறியீட்டின் முடிவிலும் ஒரு புள்ளி வைத்துச் சேமியுங்கள்: '2.1.', '2.1.4.', '2.10.'. தேடும்போதும் லைக் '2.1.%' என்று கேளுங்கள். இப்போது 2.10. பொருந்தாது.

வரிசைப்படுத்தும்போது இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்து வரிசையில் 2.10. என்பது 2.2.க்கு முன்னால் வரும். இதற்கு '02.01.', '02.10.' என்று பூச்சியம் நிரப்பி எழுதுவதே நேர்வழி. பழைய குறியீட்டை மாற்ற முடியாத நிலை என்றால், போஸ்ட்கிரெஸில் ஸ்ட்ரிங்_டு_அரே கொண்டு புள்ளியில் வெட்டி, முழு எண் அணியாக மாற்றி அதன்படி வரிசைப்படுத்தலாம். முடிவில் புள்ளி இருந்தால் முதலில் அதை ஆர்ட்ரிம் கொண்டு நீக்க வேண்டும், இல்லையென்றால் வெற்றுத் துண்டு ஒன்று வந்து எண்ணாக மாற மறுக்கும்.

ஒரு வாய்க்கால் எத்தனையாவது படி என்று அறியப் புள்ளிகளை எண்ணினால் போதும்:

லெங்த்(குறியீடு) - லெங்த்(ரிப்ளேஸ்(குறியீடு, '.', ''))

ஒரு கிராமத்திலிருந்து மேலே போவது எப்படி? அதன் பிரதேசம், மாவட்டம், மாகாணம் எல்லாம் ஒரே வினவலில் வேண்டும்.

லைக்கைத் திருப்பிப் போடுங்கள். இடது பக்கம் கிராமத்தின் குறியீடு, வலது பக்கம் நிரல்:

செலெக்ட் குறியீடு, பெயர் ஃப்ரம் பிரிவுகள்
வெயர் '4509015' லைக் குறியீடு || '%'
ஆர்டர் பை லெங்த்(குறியீடு)

மைஎஸ்கியூஎல்லில் இரட்டைக் கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள், அங்கே கொன்கேட் பாவியுங்கள். இந்த வினவல் முழு அட்டவணையையும் வாசிக்கும். இலங்கையில் கிராம அலுவலர் பிரிவுகள் சுமார் 14,000தான், ஒரு தடவை கேட்க அது பாரமே இல்லை. ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பதாக இருந்தால், நிலையான நீளம் இருக்கும்போது குறியீடு இன் ('4', '45', '4509', '4509015') என்று நேரே எழுதுங்கள். நான்கு தேடலில் முடியும்.

குடும்பங்களின் மொத்தத்தைக் கூட்டினால் உண்மைக் கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு வருகிறது.

அலுவலகப் படிவங்களில் கிராம வரிகளுக்குக் கீழே பிரதேச மொத்தம், அதற்குக் கீழே மாவட்ட மொத்தம் என்று எழுதுவது வழக்கம். அதை அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றினால் லைக் '45%' எல்லாவற்றையும் அள்ளும். கிராமம் ஒரு தடவை, அதே குடும்பங்கள் பிரதேச வரியில் ஒரு தடவை, மாவட்ட வரியில் இன்னொரு தடவை. கூட்டும்போது எப்போதும் கீழ்ப்படியை மட்டும் எடுங்கள்:

செலெக்ட் சப்ஸ்டர்(குறியீடு, 1, 4), கவுண்ட்(*), சம்(குடும்பங்கள்)
ஃப்ரம் கணக்கெடுப்பு
வெயர் குறியீடு லைக் '45%' அண்ட் லெங்த்(குறியீடு) = 7
குரூப் பை சப்ஸ்டர்(குறியீடு, 1, 4)

மொத்த வரிகளை வீசிவிடாதீர்கள், அவை நல்ல சாட்சி. கீழிருந்து கூட்டிய தொகையையும் அலுவலகம் எழுதிய மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருக்கும் பிரதேசத்தில்தான் ஏதோ ஒரு ஊர் விடுபட்டிருக்கிறது. கவுண்டையும் பாருங்கள்: கிளிநொச்சி மாவட்டத்தில் 95 கிராம அலுவலர் பிரிவுகள். கவுண்ட்களின் கூட்டு 93 என்றால் இரண்டு ஊர் இல்லை. எந்த இரண்டு என்று அறிய, பிரிவுகள் அட்டவணையை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜொயின் செய்து, கணக்கெடுப்பில் வெறுமையாக வரும் வரிகளை எடுங்கள்.

இந்தக் கடைசி வினவலை நான் எந்தப் பட்டியலிலும் தவிர்ப்பதில்லை. விடுபட்ட ஊர் தானாக வந்து முறையிடாது. பெரும்பாலும் அது வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊராக, படிவம் பிந்தி வந்த ஊராக இருக்கும்.

குறியீடு எதற்கு? ஊரின் பெயரை வைத்தே இரண்டு அட்டவணைகளையும் இணைக்கலாமே?

வன்னியில் அது சரிவராது. முதலில், ஒத்த பெயர்கள். மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது, மாந்தை மேற்கு மன்னாரில். 'மாந்தை' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மாவட்டம் என்று தெரியாது. அடுத்தது, எழுத்து வேறுபாடு. ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான் இரண்டும் கோப்புகளில் உண்டு. ஆங்கிலக் கோப்புகளில் பூநகரி ஒன்றில் பூநகரியாகவும் இன்னொன்றில் பூனரினாகவும் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் ஒன்று உண்டு. 'கிளிநொச்சி'யில் உள்ள 'நொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: நகரத்தோடு ஒகர உயிர்க்குறியை ஒரே எழுத்தாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு சரங்கள், சமன் என்று பார்த்தால் இல்லை என்று சொல்லிவிடும். நோர்மலைஸ் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால், ஒன்றாகும், போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பு முதல் அதற்கென்றே செயற்கூறு இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இன்னும் அலுவலகங்களில் ஏராளம். அவை தரவுத்தளத்துக்குள் வெறும் ஆங்கில எழுத்துகள்தான், முதலில் யுனிகோடுக்கு மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது.

பெயரை மனிதர் வாசிக்க வையுங்கள், இணைப்பதைக் குறியீட்டால் செய்யுங்கள். குறியீடே இல்லாத கோப்பு வந்தால், ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பெயருக்குக் குறியீடு பொருத்தும் அட்டவணை ஒன்று செய்யுங்கள். அந்த இடம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

'வன்னி' முழுவதற்கும் விபரம் வேண்டும். எந்த முன்னொட்டால் தேடுவது?

அப்படி ஒரு முன்னொட்டு இல்லை. குறியீட்டு முறையின் எல்லை இந்தக் கேள்வியில்தான் வெளிப்படுகிறது.

எந்த வன்னி என்று முதலில் கேட்க வேண்டும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. அதாவது 42, 43, 44. கிளிநொச்சி அதில் இல்லை, அங்குள்ளவர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறார்கள். சனங்கள் பேச்சில் வன்னி என்றால் ஆனையிறவுக்குத் தெற்கே உள்ள பெருநிலப்பரப்பு, கிளிநொச்சி அதன் நடுவில் இருக்கிறது. அந்தப் பொருளில் 45ஐச் சேர்க்க வேண்டும். ஆனால் 45% என்று கேட்டால் பச்சிலைப்பள்ளிப் பிரிவில் உள்ள பளையும் வரும். பச்சிலைப்பள்ளி நிர்வாகத்தில் கிளிநொச்சி மாவட்டம், தரையில் பார்த்தால் ஆனையிறவுக்கு வடக்கே குடாநாட்டில்.

ஒரு குறியீட்டுக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும். ஓர் ஊரோ பல மரங்களில் ஒரே நேரத்தில் கிளையாக இருக்கிறது. நிர்வாகம் ஒரு மரம், தேர்தல் இன்னொன்று, கல்வி வலயம் வேறொன்று. தண்ணீருக்கும் தனி மரம் இருக்கிறது: இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து முல்லைத்தீவு வழியாகக் கிளிநொச்சிக்கு வருகிறது. அதன் ஏந்துபகுதியை எந்த மாவட்ட முன்னொட்டாலும் பிடிக்க முடியாது.

சிலர் குறியீட்டின் முன்னாலோ பின்னாலோ இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்து இதையெல்லாம் உள்ளே திணிக்கப் பார்ப்பார்கள். தேர்தலுக்கு ஓர் எழுத்து, வலயத்துக்கு ஓர் எழுத்து என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒன்று மாறினால் எல்லாக் குறியீடும் மாறும். அதற்குப் பதில் தனி அட்டவணை ஒன்று வையுங்கள், 'தொகுப்புகள்' என்று. அதில் இரண்டே நிரல்: தொகுப்பின் பெயர், முன்னொட்டு. 'வன்னித் தேர்தல் மாவட்டம்' என்ற பெயருக்கு எதிரே 42, 43, 44 என்று மூன்று வரி. 'வன்னிப் பெருநிலம்' என்பதற்கு 42, 43, 44 மூன்றும், கூடவே கிளிநொச்சியில் பச்சிலைப்பள்ளி தவிர்ந்த மூன்று பிரதேசங்களின் நான்கிலக்க எண்களும். பிறகு:

செலெக்ட் பி.குறியீடு, பி.பெயர்
ஃப்ரம் பிரிவுகள் பி ஜொயின் தொகுப்புகள் தொ
ஒன் பி.குறியீடு லைக் தொ.முன்னொட்டு || '%'
வெயர் தொ.பெயர் = 'வன்னிப் பெருநிலம்'

ஒரே தொகுப்பில் 45உம் 4509உம் இரண்டும் இருந்தால் ஊர்கள் இரு தடவை வரும், அதை மட்டும் கவனியுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு எந்தக் குறியீடு போடுவது?

இரண்டும் போடுங்கள். சொந்த இடம் ஒரு நிரல், இப்போது இருக்கும் இடம் இன்னொரு நிரல். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்த ஒரு குடும்பத்துக்கு இருப்பிடம் 43இல் தொடங்கும், சொந்த ஊர் 44இலோ 45இலோ தொடங்கும். ஒரு நிரல் மட்டும் வைத்து, ஆட்கள் நகர நகர அதை மாற்றி எழுதிக்கொண்டே போனால் சொந்த ஊர் அழிந்துவிடும். காணி, வீட்டுத்திட்டம் பற்றிய கேள்வி பிறகு வரும்போது, அந்தக் குடும்பம் எங்கிருந்து போனது என்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. இருப்பிடம் பல தடவை மாறியிருந்தால் அதைக் குடும்பம், குறியீடு, தொடங்கிய திகதி, முடிந்த திகதி என்று தனி அட்டவணையாக வையுங்கள்.

சப்ஸ்டர் கொண்டு இரண்டு நிரல்களின் முதல் இரண்டு இலக்கங்களையும் வெட்டிக் குரூப் பை செய்தால், எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு எத்தனை குடும்பம் என்பது ஒரே பார்வையில் வந்துவிடும்.

ஒரு பிரிவு இரண்டாகப் பிரிந்தால், அல்லது வேறு பிரதேசத்துக்கு மாறினால்?

பிரிவதற்குத் திணைக்களமே இடம் விட்டிருக்கிறது. கிராம அலுவலர் பிரிவு எண்கள் 005, 010, 015 என்று இடைவெளியோடுதான் போகின்றன. உங்கள் வாய்க்கால்களுக்கும் அப்படியே செய்யலாம்.

மாறுவதுதான் கடினம். ஒரு கிளை முழுவதையும் நகர்த்துவதற்கான கட்டளை ஒரு வரிதான்:

அப்டேட் பிரிவுகள் செட் குறியீடு = '4521' || சப்ஸ்டர்(குறியீடு, 5)
வெயர் குறியீடு லைக் '4509%'

இதைப் பிகின், கமிட் இரண்டுக்கும் நடுவில் ஓட்டி, எத்தனை வரி மாறியது என்று பார்த்த பிறகு உறுதிசெய்யுங்கள். ஆனால் பழைய கணக்கெடுப்புகள், கடிதங்கள், மற்ற அலுவலகங்களின் கோப்புகள் எல்லாம் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் குறியீட்டை முதன்மைச் சாவியாக (வரியை அடையாளம் காட்டும் நிரலாக) வைக்காமல், ஒருபோதும் மாறாத ஒரு வெறும் எண்ணைச் சாவியாக வைத்து, குறியீட்டைச் செல்லுபடியாகும் காலத்தோடு தனியே வைப்பதுதான் பாதுகாப்பு. பழைய எண்ணால் தேடினாலும் அதே ஊர் கிடைக்க வேண்டும்.

குறியீட்டுக்குப் பதில் 'தாய் எண்' என்று ஒரு நிரல் வைத்தால் இந்தப் பிரச்சினை எல்லாம் வராதே?

ஒவ்வொரு வரியிலும் அதன் மேற்பிரிவின் எண்ணை எழுதுவதுதான் இது. நகர்த்துவது சுலபமாகும், ஒரே வரியில் தாயை மாற்றினால் போதும். கீழே உள்ளவை எல்லாம் வேண்டும் என்றால் வித் ரிகர்சிவ் என்ற மீள்சுழல் வினவல் எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸில் 8.4 முதல், எஸ்கியூலைட்டில் 3.8.3 முதல், மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதல் அது உண்டு. எஸ்கியூஎல் சேர்வரிலும் ஒராக்கிளிலும் ரிகர்சிவ் என்ற சொல் இல்லாமல் வித் மட்டும் எழுத வேண்டும்.

என் கருத்து: இரண்டையும் வையுங்கள். தாய் எண்ணை அந்நியச் சாவியாக, அதாவது உள்ள ஒரு வரியையே சுட்ட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு, வைத்தால் இல்லாத தாயைச் சொல்லும் வரி உள்ளே வர முடியாது, அந்தக் காவலை எழுத்துக் குறியீட்டால் தர முடியாது. குறியீடு தேடுவதற்கும் கூட்டுவதற்கும் மற்றவர்களோடு பரிமாறுவதற்கும். நீங்களே உருவாக்கும் வாய்க்கால் குறியீடு போன்றவற்றைத் தாய் எண்ணிலிருந்து மீள்சுழலால் புதிதாக எழுதிக்கொள்ளவும் முடியும்.

லைக் மெதுவாக ஓடுகிறது. இன்டெக்ஸ் போட்டும் பலனில்லை.

விழுக்காட்டுக் குறி முன்னால் இருந்தால், அதாவது '%015' என்று கேட்டால், சாதாரண இன்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல், உதவாது. பின்னால் மட்டும் இருந்தால் உதவ வேண்டும். அப்படியும் உதவவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் தரவுத்தளத்தின் எழுத்து வரிசை அமைப்பு.

போஸ்ட்கிரெஸில் வரிசை அமைப்பு 'சி' அல்லாத வேறொன்றாக இருந்தால், இன்டெக்ஸை டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்று குறிப்பிட்டு உருவாக்க வேண்டும். எஸ்கியூலைட்டில் லைக் இயல்பாக ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, அதனால் சாதாரண இன்டெக்ஸைத் தொடாது. அங்கே லைக்குக்குப் பதில் குளோப் '45*' என்று கேளுங்கள்.

இலக்கம் மட்டுமே உள்ள குறியீட்டுக்கு எங்கும் ஓடும் வழி ஒன்று உண்டு: குறியீடு >= '45' அண்ட் குறியீடு < '46'. புள்ளி வைத்த குறியீட்டுக்கு இதை நம்ப வேண்டாம். சில எழுத்து வரிசைகள் ஒப்பிடும்போது முதலில் புள்ளியைத் தாண்டிப் பார்க்கும்.

எல்ட்ரீ, ஹையரார்க்கிஐடி என்றெல்லாம் சொல்கிறார்களே?

எல்ட்ரீ போஸ்ட்கிரெஸோடு வரும் நீட்சி, புள்ளி வைத்த பாதைகளுக்கென்றே உள்ளது. 2.1 என்றால் 2.10ஐ எடுக்காது, அந்தப் பொறி அதில் கிடையாது. மேலே, கீழே, எத்தனையாம் படி என்பதற்கெல்லாம் தனிக் குறிகளும் செயற்கூறுகளும் உண்டு. ஹையரார்க்கிஐடி எஸ்கியூஎல் சேர்வரில் 2008 முதல் இருக்கிறது. வாய்க்கால் போன்ற ஆழம் மாறும் மரத்துக்கு, போஸ்ட்கிரெஸ் பாவிப்பவர்கள் எல்ட்ரீயைத் தாராளமாக எடுக்கலாம். ஏழிலக்க நிர்வாகக் குறியீட்டுக்கு அது தேவையில்லை.

எங்கள் அமைப்பில் ஒரு மடிக்கணினிதான் இருக்கிறது, சேர்வர் ஒன்றும் இல்லை. எதில் தொடங்கலாம்?

எஸ்கியூலைட்டில். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, இணையம் வேண்டாம், பென்டிரைவில் எடுத்துப் போகலாம். குறியீட்டு நிரலை டெக்ஸ்ட் என்று அறிவியுங்கள், இன்டிஜர் என்று அறிவித்தால் முன் பூச்சியம் இங்கேயும் போகும். உருவாக்கும்போதே லெங்த்(குறியீடு) இன் (1, 2, 4, 7) என்று ஒரு செக் நிபந்தனை சேர்த்துவிட்டால் 45915 போன்ற ஒன்று உள்ளே நுழையவே முடியாது. அந்நியச் சாவிச் சோதனை எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைந்திருக்கும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பிராக்மா ஃபொரின்_கீஸ் = ஒன் என்று போட வேண்டும்.